பதினான்கு நாள் கணக்கு

கணக்கு எழுதுவது என் தொழில். அதனால்தானோ என்னவோ, 2024 பெப்ரவரியில் தம்பியைப் பொலிஸ் கொண்டுபோன அன்று மாலை, அழுவதற்கு முன்னால் ஒரு புதுக் கொப்பியை எடுத்து, முதல் வரியில் 'ஓட்டோ, 450' என்று எழுதினேன். அந்தக் கொப்பி இப்போது முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது. செலவுகள், தவணைத் திகதிகள், எந்த யன்னலில் எந்தத் தாளைக் கேட்டார்கள், யார் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள், யார் சீறினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் இரண்டு குடும்பங்கள் அதை இரவல் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு போன பிறகுதான், இதை எழுதி வைக்கலாமே என்று தோன்றியது.

தம்பி புறக்கோட்டையில் ஒரு புடைவை மொத்த வியாபாரக் கடையில் களஞ்சியப் பொறுப்பாளர். சரக்கு குறைந்தது, முதலாளி நம்பிக்கை மோசடி என்று முறைப்பாடு கொடுத்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. ஆகவே சரக்கு எங்கே போனது என்பதைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதமாட்டேன். எந்தப் பொலிஸ் நிலையம், எந்தச் சிறை என்பதையும் சொல்லப்போவதில்லை. கொழும்பில் இருப்பவர்களுக்கு அது தெரியவேண்டிய அவசியமும் இல்லை, எல்லா வரிசைகளும் ஒன்றுபோலத்தான் நகர்கின்றன.

முதல் பிழையை முதல் மணித்தியாலத்திலேயே செய்தோம். தம்பிக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும். கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு வராமல் இருக்குமா? ஆனால் வாசிக்க வராது. பொலிஸில் அவனுடைய வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். அவன் கையெழுத்து வைத்துவிட்டான். 'வாசித்துக் காட்டினார்களா?' என்று கேட்டதற்கு, 'கேட்க வெட்கமாக இருந்தது, அக்கா. பேசத் தெரிந்தவன் வாசிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?' என்றான். அந்த வெட்கத்தின் விலையை எங்கள் சட்டத்தரணி பிறகு விளக்கினார். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழிதான். தமிழில் வாக்குமூலம் கொடுக்கவும், எழுதியதைப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டும்படி கேட்கவும் தயங்கத் தேவையில்லை. புரியாத தாளில் கையெழுத்து வைக்காமல் இருப்பது திமிர் இல்லை. இதை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது பிழை, இரவு முழுவதும் 'ஆளைத் தெரிந்தவர்' தேடியது. ஒருவர் மாநகர சபைப் பக்கம் செல்வாக்கு என்றார், இன்னொருவர் மேலிடத்தில் பேசுகிறேன் என்று பத்தாயிரம் வாங்கினார். கொப்பியில் அந்தப் பத்தாயிரத்துக்கு எதிரே 'வீண்' என்று எழுதியிருக்கிறேன். கைது செய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். அந்த 24 மணித்தியாலத்தில் தேடவேண்டியவர் சட்டத்தரணி. காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது; 1978இன் சட்டத்தின்படி அமைந்தது, புதுக்கடை நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம். பொலிஸ் காவலில் அடி விழுகிறது என்ற பயம் இருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். எங்களுக்கு இவை எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் யாருடைய மச்சான் எந்த அமைச்சரின் வாகனச் சாரதி என்பதுதான்.

அம்மாவிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. 'விளக்கமறியல்', அதாவது வழக்கு முடியாமலே சிறையில் வைத்திருப்பது, என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 'எந்தப் பக்கம்? வெலிக்கடையா?' என்று மட்டும் கேட்டார். எனக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது. 1983 யூலையில் அம்மாவுக்குப் பதினான்கு வயது. அகதி முகாமாக மாறிப்போன ஒரு பாடசாலை மண்டபத்தில், பாயில்லாத தரையில் கிடந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது: வெலிக்கடைச் சிறைக்குள் 25ஆம் திகதி 35 தமிழ்க் கைதிகள், 27ஆம் திகதி மேலும் 18 பேர், மொத்தம் 53 பேர் கொல்லப்பட்டார்கள். வெளியே வீடுகள் எரிந்துகொண்டிருந்த வாரத்தில், பூட்டும் காவலும் உள்ள இடத்தில், ஒரு முறை அல்ல, ஒருநாள் இடைவெளி விட்டு இரண்டாம் முறையும். தப்பியவர்களை மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றினார்கள். அம்மாவின் தலைமுறைக்கு 'மறியல்' என்ற சொல்லின் அகராதிப் பொருள் அதுதான். அதற்குப் பிறகு நாற்பது வருடமாக, பேஸ்லைன் வீதியால் போகும் பஸ்ஸில் அந்த மதில் வரும்போது அம்மா யன்னலுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவருக்குக் கழுத்துப் பிடிப்பு என்று நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

அன்று இரவு தூக்கம் வராமல் நான் வாசிக்கத் தொடங்கினேன். ஆறுதல் தேடித்தான், கிடைக்கவில்லை. அந்த மதில் 1841இல் பிரிட்டிஷ்காரர் கட்டியது. இன்றும் நமது சிறைகளை நடத்தும் கட்டளைச் சட்டத்தின் எண் 16, வருடம் 1877. சிறைச்சாலைத் திணைக்களம் தனியாக வந்தது 1905இல். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் ஹென்றி பெத்ரிஸ் என்ற இளைஞரை அந்த மதிலுக்குள்தான் சுட்டுக் கொன்றார்கள். 2012 நவம்பர் 9ஆம் திகதி தேடுதல் ஒன்றில் தொடங்கிய கலவரத்தில் 27 கைதிகள் இறந்தார்கள். அந்த வழக்கில் முன்னாள் சிறை ஆணையாளர் ஒருவருக்கு 2022 ஜனவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2020 நவம்பரில், கொரோனா பயத்துக்கு நடுவே, மஹரைச் சிறையில் 11 பேர் இறந்தார்கள். 1915இலும் 2012இலும் போனவர்கள் பெரும்பாலும் சிங்களவர். அதை அம்மாவிடம் சொன்னேன், ஏதோ அது நல்ல செய்தி போல. 'அவர்களுக்கும் அம்மாமார் இருந்திருப்பார்கள்தானே' என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கைதுக்கு மறுநாள்தான் நீதவான் 14 நாள் விளக்கமறியல் என்றிருந்தார். தமிழில் அதைச் சொன்னவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அவரை இன்னும் 'முதலியார்' என்றுதான் அழைக்கிறார்கள். மொத்தமும் மூன்று நிமிடம் எடுத்தது. எனக்கு அந்த மூன்று நிமிடத்தில் விளங்கியது ஒன்றுதான்: தம்பி இடுப்பில் பெல்ட் இல்லாமல் காற்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். ஆகவே கொப்பியின் மூன்றாம் பக்கத்தில், 'இறப்பர் பட்டி வைத்த காற்சட்டை 2' என்று இருக்கிறது.

சிறை வரிசையைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லித்தரமாட்டார்கள். முதல் நாள் நான் அலுவலகம் போவதுபோல உடுத்திக்கொண்டு ஒன்பதரைக்குப் போனேன். வரிசை மதிலைச் சுற்றி வளைந்துபோயிருந்தது. ஆறரைக்கு வந்தவர்கள் அப்போதுதான் வாசலை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். என் கையில் மூன்று தட்டுச் சாப்பாட்டுக் கரியர், சவர்க்காரக் கட்டி நான்கு, பற்பசை, அப்பிள் பழம். எனக்கு முன்னால் நின்ற சிங்கள அம்மா ஒருவர் கரியரைப் பார்த்துவிட்டு, 'நங்கி, முதல் தடவையா?' என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு, இரண்டரை மணித்தியாலம் அவரே எனக்குப் பள்ளிக்கூடம்.

அவர் சொன்னதையும் நான் பட்டுத் தெரிந்ததையும் கலந்து தருகிறேன். தேசிய அடையாள அட்டையின் மூலமும் நகல் இரண்டும் எப்போதும் பையில் இருக்கவேண்டும். கடவுச்சீட்டு காட்டலாம் என்று தர்க்கம் பண்ணி நிற்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. கைதியின் முழுப்பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படி, சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு எழுதும்போது அது வேறு ஆளாகிவிடும். என் தம்பி ஒரு வாரம் பதிவேட்டில் வேறு யாரோவாக இருந்தான். அந்த 'வேறு யாரோ' அங்கே இல்லை என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். கைப்பேசியைக் கொண்டுபோகாமல் இருப்பது உத்தமம், கொண்டுபோனால் எதிரே உள்ள கடையில் காசு கொடுத்து வைத்துவிட்டுப் போகவேண்டும். எலும்புள்ள கறி, குழம்பாகத் தளும்பும் கறி வேண்டாம். சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்ப்பார்கள், பாணைப் பிய்ப்பார்கள், மீனைக் கீறுவார்கள், சவர்க்காரத்தை இரண்டாக வெட்டுவார்கள். அவமானப்படுத்துவதற்கு இல்லை, பாணுக்குள் ஹெரோயினும் சவர்க்காரத்துக்குள் சிம் அட்டையும் போகிற ஊர் இது. கரியரை விட்டுவிட்டு, வாழையிலை வைத்துக் கட்டிய சோற்றுப் பார்சலாகக் கொண்டுபோகத் தொடங்கிய பிறகு எனக்குப் பத்து நிமிடம் மிச்சமானது. வரிசையில் பத்து நிமிடம் என்பது இருபது பேர்.

இன்னொன்று. தம்பிக்கு இழுப்பு வியாதி. மூச்சிழுக்கும் பம்மைச் சும்மா கொண்டுபோய்க் கொடுத்தால் உள்ளே விடமாட்டார்கள். மருத்துவரின் சிட்டை, அதன் நகல், அதோடு நலன்புரி அதிகாரிக்கு ஒரு கடிதம். அந்தக் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் சொன்ன எதுவும் சிறையில் நடக்காது என்று சொல்லமாட்டேன், சில நல்ல மனிதர்கள் செய்து தந்தார்கள். ஆனால் அந்த நல்ல மனிதரின் பணிமுறை மாறும்போது அவர் கேட்ட சொல்லும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். தாள் அங்கேயே இருக்கும்.

சந்திப்புக்குக் கிடைப்பது சில நிமிடம். நடுவில் கம்பி வலை, இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். முதல் நாள் நான் 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டேன். அதைவிட வீணான கேள்வி இல்லை. அவன் 'நலம்' என்றான், அதைவிடப் பெரிய பொய்யும் இல்லை. அடுத்த முறையிலிருந்து கேட்கவேண்டியதை மூன்று வரியில் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனேன்: என்ன வேண்டும், யாராவது அடித்தார்களா, சட்டத்தரணிக்கு என்ன சொல்லவேண்டும். அழுவதைப் பஸ்ஸுக்கு ஒதுக்கி வைத்தேன்.

உள்ளே எப்படி என்பதை அவன் அப்போது சொல்லவில்லை. வெளியே வந்த பிறகும் முழுதாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாகத் தெரிந்தது இவ்வளவுதான்: 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' போதைப்பொருள் வேட்டையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஏற்கெனவே கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிரம்பியிருந்த சிறைகளுக்குள் அந்தக் கூட்டமும் வந்து இறங்கியது. படுக்க இடமில்லாததால் முறை வைத்துத் தூங்கினார்கள். படுத்தால் ஒருச்சாய்ந்துதான் படுக்கவேண்டும். வரிசையில் ஒருவன் திரும்பினால் எல்லோரும் திரும்பவேண்டும். கழிப்பறை வாசலில் கிடைப்பது புதியவனின் இடம், வாரங்கள் போகப் போக யன்னல் பக்கம் நகரலாம். வெளிச்சம் இரவு முழுக்க எரியும். மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைகள் பற்றிய ஆய்வில் இதே முறைத் தூக்கமும், கழிப்பறையில் படுப்பவர்களும் பதிவாகியிருக்கிறார்கள். ஆகவே இது எங்களுக்கு மட்டும் நடந்த கொடுமை இல்லை. வெலிக்கடை மதிலில் 'சிறைக்கைதிகளும் மனிதர்களே' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. ஒரு விடயத்தைச் சுவரில் எழுதி வைக்கவேண்டி வந்தால் அதில் ஏதோ சிக்கல் இருக்கிறது என்று அர்த்தம். 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்பதையும் நாம் சுவரில்தானே எழுதுகிறோம்.

தண்டனைக் கைதிக்குத்தான் வெள்ளை ஜம்பர். விளக்கமறியலில் இருப்பவர் தன் சொந்த உடையை உடுத்தலாம், வீட்டுச் சோறு சாப்பிடலாம். ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் குற்றவாளி இல்லை. இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அதைச் சொல்லியே அம்மாவைச் சமாதானப்படுத்தினேன். பிறகு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது: தண்டனைக் கைதிக்கு வெளியே வரும் திகதி தெரியும். விளக்கமறியல்காரனுக்குத் தெரிவது அடுத்த தவணை மட்டும். 14 நாளுக்கு ஒருமுறை பஸ்ஸில் ஏற்றி, நீதிமன்றக் கூட்டில் அரைநாள் அடைத்து, இன்னும் 14 நாள் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். ஒரு தவணைக்கு அவனைக் கொண்டுவரவே இல்லை, காணொளித் திரையில் நெற்றி மட்டும் தெரிந்தது. அதற்காக நான் அரைநாள் விடுப்புப் போட்டிருந்தேன்.

வரிசையில் வவுனியாவிலிருந்து வரும் ஒரு அம்மாவைச் சந்தித்தேன். இரவு பஸ்ஸில் வந்து, மதில் ஓரத்தில் முகம் கழுவி, மகனைப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்புவார். மகன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இருப்பவர். 1979இல் 'தற்காலிக ஏற்பாடு' என்ற பெயரோடு வந்து, இன்றுவரை தற்காலிகமாகவே தொடரும் சட்டம் அது. சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. அந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் உள்ள ஒருவரிடம் சொன்னால் செல்லும். நான் நான்காவது 14 நாளைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'உங்களுக்கு நாள் கணக்குத் தருகிறார்கள், பிள்ளை. எங்களுக்கு நாட்காட்டிதான் மாறுகிறது' என்றார். கோபமே இல்லை அவர் குரலில். பையிலிருந்து ஒரு பனங்கட்டித் துண்டை எடுத்துத் தந்தார். உள்ளே விடவில்லையாம்.

இப்போது பிணை. இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்று நான் நினைத்ததற்கே காரணம் இந்தப் பகுதிதான்.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே வழமை, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. தப்பியோடுவார், சாட்சியைக் குழப்புவார், பொதுமக்கள் கொந்தளிப்பார்கள் போன்ற காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். சாதாரண வழக்கில் தீர்ப்பில்லாமல் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்றும் சொல்கிறது, சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் கேட்டு நீடித்தால் தவிர. போதைப்பொருள் வழக்குகளும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் இந்தச் சட்டத்துக்கு வெளியே. எங்கள் வழக்கு உள்ளே. அப்படியிருந்தும் விசாரணை முடியவில்லை என்று பொலிஸ் ஒவ்வொரு தவணையும் ஆட்சேபித்தது. 56ஆவது நாள் நீதவான் பிணை தந்தார்: ரொக்கப் பிணை 50,000, அதோடு தலா ஐந்து இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணை, அதாவது அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்க இரண்டு ஆட்கள்.

நான் நீதிமன்ற வளாகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மாவுக்குத் தொலைபேசியில் 'வருகிறான்' என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது.

சரீரப் பிணையாளிக்கு என்ன வேண்டும் தெரியுமா? கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நன்னடத்தைச் சான்றிதழ். அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம். வருமானத்துக்கு அத்தாட்சி. பிணையாளி நேரில் வந்து பதிவாளர் முன் கையெழுத்து. எங்கள் பிணையாளிகளில் ஒருவர் மாமா. அவர் தாள்கள் சரி. மற்றவர் என் தோழியின் கணவர், வத்தளையில் வாடகை வீடு, வாக்காளர் இடாப்பில் பெயர் மட்டக்குளியில். இரண்டு இடத்துக் கிராம உத்தியோகத்தர்களில் வதிவதை ஒருவர் உறுதிப்படுத்தமாட்டார், பெயர் இருப்பதை மற்றவர் உறுதிப்படுத்தமாட்டார். பிரதேச செயலகத்துக்கு ஓடினால் மேலொப்பம் போடுபவர் வெளிக்களத்தில். அந்த வாரத்தோடு சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. தம்பி, நீதிமன்றம் 'போகலாம்' என்று சொன்ன பிறகும் ஒன்பது நாள் உள்ளே இருந்தான். புத்தாண்டுக்கு எல்லாக் கைதிகளுக்கும் வீட்டுப் பார்சல் அனுமதி உண்டு. அம்மா கொக்கிசும் பயற்றம் பணியாரமும் செய்து தந்தார். அவற்றையும் கத்தியால் வெட்டிப் பார்த்தார்கள். அம்மா வரிசைக்கு வந்த ஒரே நாள் அதுதான். மதிலைப் பார்க்காமலே இரண்டு மணித்தியாலம் அதன் கீழ் நின்றார்.

ஆகவே கேளுங்கள்: பிணையாளி தேடத் தொடங்கவேண்டியது பிணை கிடைத்த நாளில் இல்லை, கைதான நாளில். நான்கு பேரைப் பார்த்து வையுங்கள்; இரண்டு பேர் கடைசி நேரத்தில் பின்வாங்குவார்கள், அவர்கள்மேல் கோபிக்க நமக்கு உரிமையும் இல்லை, ஐந்து இலட்சம் சின்னக் காசா? நிரந்தர முகவரி, வாக்காளர் இடாப்பில் அதே முகவரி, மாதச் சம்பளத் துண்டு, இந்த மூன்றும் ஒரே ஆளிடம் பொருந்தவேண்டும். கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார், அவருடைய அலுவலக நாட்களை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீண்ட விடுமுறை வருகிறதா என்று நாட்காட்டியைப் பார்த்து, முடிந்தால் அதற்கு முந்திய வாரத்தில் பிணை மனுவை நகர்த்தும்படி சட்டத்தரணியை நச்சரியுங்கள். நீதவான் மறுத்தால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள்; எங்கள் சட்டத்தரணி நல்லவர்தான், ஆனால் அவரிடம் அறுபது வழக்கு, எனக்கு ஒரு தம்பி. பத்திரத்தில் கையெழுத்தான பிறகு விடுவிப்புக் கட்டளை சிறைக்குப் போய்ச்சேர வேண்டும். அது பிந்தினால் இன்னும் ஒரு இரவு. வெள்ளிக்கிழமை பின்னேரம் பிந்தினால் எத்தனை இரவு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒன்பது நாள். தம்பியின் பக்கத்தில் படுத்திருந்தவருக்கு ஐந்து மாதம். அவர் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை; ஹட்டன் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து பதினாறு வயதில் வந்தவர். கைகலப்பு வழக்கு. முதல் தவணையிலேயே பிணை கிடைத்துவிட்டது. ஆனால் கொழும்பில் அவருக்கு முகவரி என்று ஒன்று இல்லை, இரவில் கடை வாசலில் படுப்பவர். பிணை நிற்க யார் வருவார்கள்? தோட்டத்தில் இருக்கும் மனைவிக்கு லயத்து அறைதான் முகவரி, அதற்கும் அவர் பெயரில் தாள் இல்லை. அதே வளாகத்தில், குற்றம் ஒப்புக்கொண்டு, சில ஆயிரம் ரூபா தண்டப்பணம் கட்ட முடியாமல் ஜம்பர் போட்டவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் தண்டனை பெற்று நமது சிறைகளுக்குள் போகிறவர்களில் பெரும்பகுதியினர் இப்படித் தண்டம் கட்டாதவர்கள்தான். கொலைகாரனும் கொள்ளைக்காரனும் நிரம்பி வழியும் இடம் என்று நான் நினைத்திருந்தது, கிட்டப்போய்ப் பார்த்தால் தாள் இல்லாதவர்கள் நிரம்பி வழியும் இடமாக இருந்தது. குற்றம் செய்தவர் உள்ளே இருக்கட்டும் என்று நான் சொல்லும்போது இப்போதெல்லாம் என் குரலில் பழைய உறுதி இல்லை.

அந்த நாட்டாமைக்காகத் தம்பி வெளியே வந்த மூன்றாம் நாளே என்னை இழுத்துக்கொண்டு அலைந்தான். சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு இளம் சட்டத்தரணி, பிணை நிபந்தனையைத் தளர்த்தும்படி மனுப்போட்டார். சரீரப் பிணை ஒன்றாகக் குறைந்தது. மாமா முணுமுணுத்துக்கொண்டே வந்து கையெழுத்து வைத்தார். 'ஓடிவிட்டால் என் தலையில்தானே' என்றார். நாட்டாமை ஓடவில்லை. தவணைக்கு முதல் நாளே வந்து நீதிமன்றத்துக்குப் போகும் வழியைக் கேட்பார், தெரிந்த வழிதான் என்றாலும்.

தம்பி 65ஆவது நாள் வந்தான். பதினோரு கிலோ குறைந்திருந்தான், காலெல்லாம் சொறி. வந்தவுடன் கோயிலுக்குக் கூட்டிப்போகவேண்டும், ஆரத்தி எடுக்கவேண்டும் என்று உறவுக்காரர் வந்து நின்றார்கள். அவன் கேட்டது குளிக்கத் தண்ணீரும், கதவு மூடக்கூடிய கழிப்பறையும். இதையும் எழுதி வைக்கிறேன்: வருகிறவரைச் சுற்றி முதல் நாளே கூட்டம் சேர்க்காதீர்கள். சொறிக்கு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும், துணிகளைக் கொதிநீரில் போடவேண்டும். நாங்கள் அவனுக்கு மட்டும் பூசி, மூன்று வாரம் எல்லோரும் சொறிந்துகொண்டிருந்தோம். வேலைக்குப் போ என்று ஒரு மாதமாவது சொல்லாதீர்கள். 'உள்ளே என்ன நடந்தது?' என்று கேட்காதீர்கள். அது சோறு சாப்பிடும்போதோ, மின்சாரம் போகும்போதோ தானாக வரும், அப்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அவனுக்கு இப்போது ஒரு வன்பொருள் கடையில் வேலை. தவணைகளுக்கு ஒழுங்காகப் போகிறான். வாக்குமூலத்தின் சிங்களப் பிரதியை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுகிறான். மாலையில் என் மகளின் இரண்டாம் வகுப்புச் சிங்களப் புத்தகம் அவன் மடியில் இருக்கும். வீட்டில் அகலமான கட்டில் இருக்கிறது. ஆனாலும் சுவர் ஓரமாக, ஒருச்சாய்ந்து, ஒரு ஆளின் அகலத்துக்கு மேல் எடுக்காமல் படுக்கிறான். நள்ளிரவில் அம்மா எழும்பிப் போய் விளக்கை அணைத்துவிட்டு வருவார். சில நாட்களில் அவன் எழும்பி மறுபடியும் போடுவான். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. மின்சாரப் பட்டியல் கூடியிருக்கிறது. அதையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.